இடியம்ஸ் சார்

தஞ்சாவூர்ப் பக்கம் ஊருக்கு ஒரு சிவன் கோயில், ஒரு பெருமாள் கோயில், ஒரு இடியம்ஸ் சார் கட்டாயம் உண்டு. முதல் இரண்டுக்கும் நடை சாத்துகிற நேரம் என்று ஒன்று இருக்கிறது. மூன்றாமவருக்கு அது கிடையாது.

பெரும்பாலும் ரிட்டயர்டு ஹெட் கிளார்க். சில ஊர்களில் தலைமையாசிரியர், அபூர்வமாக ஸ்டேஷன் மாஸ்டர். சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. சிவப்பு, பிறத்தியார் எழுதியதைத் திருத்த. கக்கத்தில் நாலாக மடித்த ஹிந்து பேப்பர். ஆங்கிலம் நன்றாகப் பேசுவாரா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. சாதாரண ஆங்கிலத்தில் அவருக்கு இஷ்டமில்லை. 'இட் இஸ் ரெய்னிங் ஹெவிலி' என்று சொல்லிவிட்டால் எட்டாங்கிளாஸ் பையனுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அவருக்குப் பூனையும் நாயும் வேண்டும்.

அதற்காக ஐப்பசி வரை காத்திருப்பார். ஆடித் தூறலுக்கெல்லாம் வாயைத் திறக்க மாட்டார். சரக்கை வீணாக்குகிற ஆளில்லை. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு டீக்கடையின் தகரக் கூரை தடதடக்கிற அன்றைக்கு, எங்கள் ஊர் இடியம்ஸ் சார் குடையை உதறி மடக்கிக்கொண்டு உள்ளே நுழைவார். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்வரை பொறுப்பார். பிறகு, "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்!"

"நாயா? நாய் எங்க சார் மழைல நிக்குது? எல்லாம் இங்க பெஞ்சுக்கு அடிலதான் படுத்திருக்கு. பாத்துக் காலை வைங்க" என்பார் டீ மாஸ்டர்.

வேறு ஒருவராக இருந்தால் முகம் சுருங்கிப் போயிருக்கும். இவருக்கு அது சபையில் யாரோ சந்தேகம் கேட்ட மாதிரி. உட்கார்ந்துவிடுவார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பூனையும் நாயும் கூரைமேல் படுத்திருக்கும், மழை வந்தால் வழுக்கிக் கீழே விழும், அதிலிருந்து பிறந்த தொடர் இது என்று வாட்ஸப்பில் வருகிறதே, அது சுத்தப் புளுகு என்பார். ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் இந்தத் தொடர் இருக்கிறது, ஆனால் முதன்முதலில் எவன் எதற்காகச் சொன்னான் என்பது இங்கிலீஷ்காரனுக்கே புரியாத மர்மம் என்பார். எல்லாம் சரியான தகவல். ஒன்றை மட்டும் விட்டுவிடுவார். பெரிய மனிதர்கள் விருந்தில் உட்கார்ந்து பேசுகிற அரைத்த மாவைக் கிண்டல் செய்யத்தான் ஸ்விஃப்ட் அந்தப் புத்தகத்தையே எழுதினார். இருநூற்றெண்பது வருஷத்துக்கு முன்பே அலுத்துப்போன பேச்சு அது. இதைச் சாரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னாலும் ஐப்பசி நின்றுவிடப் போவதில்லை.

அவருடைய கஜானா இரண்டு. ஒன்று, அட்டை பிய்ந்து காடாத் துணியில் மறுபடி பைண்டு செய்த 'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கணப் புத்தகம். இன்னொன்று, ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய கணக்குப் பேரேடு. ஹிந்துவில் 'நோ யுவர் இங்கிலீஷ்' என்று ஒரு பகுதி வந்துகொண்டிருந்ததே, அதை வாராவாரம் கத்தரித்து, மைதாப் பசை காய்ச்சி, அகர வரிசைப்படி இந்தப் பேரேட்டில் ஒட்டிவைத்திருக்கிறார். மைதாப் பசையின் வாசனைக்கு ராமபாணப் பூச்சி வந்து 'எம்' எழுத்தில் பாதியைத் தின்றுவிட்டது. ஆகையால் அந்த எழுத்தில் தொடங்கும் தொடர்களில் மட்டும் சார் கொஞ்சம் பலவீனம்.

ரென் விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இலக்கணம் எழுதிய பி. சி. ரென்தான் 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்கிற சாகச நாவலையும் எழுதியவர். மூன்று சகோதரர்கள் பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்ந்து சகாராப் பாலைவனத்தில் சண்டை போடுகிற கதை, சினிமாவாகவும் வந்தது. "அவன் வேற ரென்" என்பார் சார், நெற்றியைச் சுருக்கி. வினைச்சொல்லுக்கு உட்பிரிவு எழுதிய கை துப்பாக்கியைத் தொட்டிருக்க முடியாது என்பது அவர் கட்சி. கூடவே, இது வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் பிறந்த ஜில்லா, வெள்ளைக்காரனே 'வெள்ளி நாக்கு' என்று மெச்சிய இங்கிலீஷ் இந்தக் காவிரித் தண்ணியில் வந்தது என்று ஆரம்பித்துவிடுவார். அங்கே எழுந்து வந்துவிடுவது நல்லது.

ஆபீஸில் இருந்த நாளிலும் கோப்பில் வெறும் குறிப்பு எழுத மாட்டார். ஓடாத ஜீப் ஒன்று ஆபீஸ் வாசலில் நின்றது. ஓட்டவும் முடியாது, ஏலம் விடவும் அனுமதி வராது. டிரைவர் சம்பளமும் வரியும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. அதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதும்போது, 'இந்த ஆபீஸ் ஒரு ஒயிட் எலிஃபன்ட்டைப் பராமரித்து வருகிறது' என்று எழுதிவிட்டார். தணிக்கைக்கு வந்தவர்கள் கோப்பைப் புரட்டினார்கள். ஆட்சேபணை வந்தது: யானை வாங்க அனுமதித்த அரசாணை எண் என்ன? தீவனச் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதப்பட்டது? சார் இரண்டு பக்கம் விளக்கம் எழுதினார். சயாம் ராஜா தனக்குப் பிடிக்காத பிரபுவுக்கு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பாராம். புனித மிருகம், வேலை வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது, தீனி போட்டே பிரபு ஓட்டாண்டியாவார் என்று ஒரு கதை உண்டு. அதை முழுதாக எழுதி, அடியில் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் வைத்து அனுப்பினார். 'விளக்கம் ஏற்கப்பட்டது, யானையின் தற்போதைய நிலை தெரிவிக்கவும்' என்று பதில் வந்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். இதில் எவ்வளவு நிஜம் என்று நான் விசாரிக்கவில்லை. ஜீப் வேப்பமரத்தடியில் துருப்பிடித்து நிற்பது நிஜம்.

இதுவரைக்கும் யாருக்கும் சேதமில்லை. சேதம் வருவது, அர்த்தம் தெரிந்த அளவுக்கு இடம் தெரியாதபோது.

கீழ வீதியில் ஒரு பெரியவர் காலமானார். எண்பது தாண்டியவர், கல்யாணச் சாவு. நானும் சாரும் சேர்ந்துதான் துக்கம் கேட்கப் போனோம். நம் ஆட்கள் துக்க வீட்டில் அதிகம் பேசுவதில்லை. கையைப் பிடிப்பார்கள், உட்காருவார்கள், எழுந்து சொல்லிக்கொள்ளாமல் வந்துவிடுவார்கள். சார் பெரியவரின் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டார். கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சோ... ஹி ஹாஸ் கிக்டு த பக்கெட்" என்றார்.

பிள்ளைக்கு 'பக்கெட்' மட்டும் புரிந்தது. "இல்ல சார், பாத்ரூம்ல விழுந்தார்னு யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. கட்டில்லயே, தூக்கத்துலயே போயிட்டாரு" என்றார்.

கடவுள் இருக்கிறார். பேரேட்டில் 'கிக் த பக்கெட்: இறத்தல்' என்று மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. எந்த வாசலில் சொல்லலாம், எந்த வாசலில் கூடாது என்று ஒட்டவில்லை. 1785-ல் ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவர் லண்டன் தெருக் கொச்சைக்கென்றே ஒரு அகராதி போட்டார்; இந்தத் தொடர் இருப்பது அதில். நம்மூர்க் கணக்கில், 'உங்கப்பா மண்டையைப் போட்டுட்டாராமே' என்று கையைப் பிடித்துக் கேட்டதற்குச் சமம். திரும்பி வரும் வழியில் இதை மெள்ளச் சொன்னேன். சார் நின்றுவிட்டார். "பாஸ்டு அவே-ன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அதை எல்லாரும் சொல்லுவாங்களே" என்றார் வருத்தத்துடன்.

பெண்ணுக்கு வரன் பார்த்த சமயத்தில், 'எங்க குடும்பத்துல ஸ்கெலிட்டன் இன் த கபோர்டு கிடையாது' என்று தாமாக முன்வந்து உறுதி சொல்லி, பிள்ளை வீட்டு அம்மாள் கூடத்து அலமாரியையே பார்த்துக்கொண்டு கேசரி சாப்பிட்டது தனிக் கதை. கல்யாணம் நடந்தது. கேசரிக்காக நடந்தது என்பது சார் வீட்டு மாமி கட்சி.

அந்த மாமியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். பேரேடு கிடையாது, பசை கிடையாது, ரென் யார் மார்ட்டின் யார் என்று தெரியாது. ஏலச்சீட்டு பிடித்தவன் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்தபோது வாசலில் நின்று ஒரே மூச்சில் சொன்னாள்: "மூணு மாசமா காது குத்தினான், நாலாம் மாசம் தண்ணி காட்டினான், தீபாவளிக்குத் தரேன்னு அல்வா குடுத்தான், இப்போ கம்பி நீட்டிட்டான்." சார் திண்ணையிலிருந்தபடியே, "இதைத்தான் வெள்ளைக்காரன் 'டேக்கன் ஃபார் எ ரைடு'ங்கிறான்" என்றார். "எவன் என்ன சொன்னா என்ன? என் இருபதாயிரம் வருமா?" என்று கேட்டுவிட்டு மாமி உள்ளே போய்விட்டாள். ஒரு வாக்கியத்துக்குள் நாலு மரபுத்தொடர் போனது சார் காதில் விழவே இல்லை. இலவசமாக வருவதை அவர் சரக்காக மதிப்பதில்லை.

சாருக்கு உண்மையான சோதனை மாப்பிள்ளை ரூபத்தில் வந்தது. சோழிங்கநல்லூரில் ஐ.டி. கம்பெனி வேலை. மாதத்தில் சில நாள் மாமனார் வீட்டு மாடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். ஒருநாள் காபி கொண்டுபோன சார் கதவோரம் நின்றுவிட்டார். உள்ளே மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். லோ ஹேங்கிங் ஃப்ரூட்டை முதல்ல முடிச்சுடலாமாம். அவருக்கு பேண்ட்விட்த் இல்லையாம். இது நீடிலை மூவ் பண்ணாதாம். நாளைக்கு சர்க்கிள் பேக் பண்ணுவாராம். யாரும் இப்போது ஓஷனை பாயில் பண்ண வேண்டாமாம். ஒன்றுகூடப் பேரேட்டில் இல்லை. காபி ஆறியது.

மீட்டிங் முடிந்ததும் சார் பேரேட்டோடு உள்ளே போனார்.

"மாப்பிள்ளை, ஒரு சந்தேகம். கடலை எதுக்குக் கொதிக்க வைக்கணும்?"

கீழேயிருந்து மாமியின் குரல்: "வேகவெச்சாச்சு! உப்புப் போட்டுக் கொண்டு வரேன், இருங்க!"

"வேண்டாம்னுதான் மாமா சொன்னேன். ஒரேயடியா எல்லாத்தையும் செய்ய வேண்டாம்னு அர்த்தம்."

"யார் பிரயோகம்? ஷேக்ஸ்பியரா? பைபிளா?"

"தெரியல மாமா. எங்க மேனேஜர் சொல்லுவார்."

"அவருக்கு யார் சொன்னா?"

"அவரோட மேனேஜரா இருக்கும்."

சார் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஆயிரம் தொடருக்கு அர்த்தமும் மூலமும் தெரிந்தவர் ஒரு மழைக்காகப் பத்து மாதம் காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது. மூலமே தெரியாத ஒரு டஜன் தொடரை வைத்துக்கொண்டு ஒருவர் காலையிலிருந்து ராத்திரி வரை பேசுகிறார்; அதற்குச் சம்பளமும் வருகிறது. என்னைக் கேட்டால் இரண்டு பேரில் சார் கட்சிதான் நான். பூனை நாய்க்குப் பின்னால் அவர் ஓடுவது அதன் மேல் இருக்கிற ஆசையால். மாப்பிள்ளைக்குப் பழத்தின் மேல் ஒரு ஆசையும் இல்லை. கை எட்டுவதால் பறிக்கிறார். எப்படியானாலும் அன்று ராத்திரியே அத்தனையும் சிவப்பு மையில் பேரேட்டில் ஏறிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'மூலம்: மாப்பிள்ளை ஆபீஸ் மேனேஜர்.'

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவர் திண்ணைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன், பேங்க் பரீட்சை என்று எழுதுகிற பிள்ளைகள் நோட்டோடு வந்து உட்காருவார்கள். 'இடியம்ஸ் அண்ட் ஃப்ரேசஸ்' என்று அங்கே கேள்வி வருகிறது, நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "சார், ஏ-வா பி-யா, அதை மட்டும் சொல்லுங்க" என்பான் அவசரக்காரன் ஒருவன். அது மட்டும் நடக்காது. 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' என்றால் கேம்பிரிட்ஜுக்குப் போயாக வேண்டும். அங்கே தாமஸ் ஹாப்சன் என்று ஒருவர், 1631-ல் செத்துப்போனவர், குதிரை வாடகைக்கு விட்டவர். லாயம் நிறையக் குதிரை. ஆனால் வாசலுக்குப் பக்கத்தில் எது நிற்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம். நல்ல குதிரையையே எல்லோரும் கேட்டுக் கேட்டு அது ஓய்ந்துவிடக் கூடாதே என்று முறைவைத்து விட்டாராம். "மெஸ்ஸுல எட்டு டிபன் பேரைப் போர்டுல எழுதிட்டு, 'உப்புமாதான் இருக்கு, சாப்பிடறீங்களா'ம்பானே, அதுதான்டா" என்று முடிப்பார். எந்தப் பையனும் அதை மறந்து நான் பார்த்ததில்லை.

நெற்றியில் பட்டையாக விபூதியோடு 'ஸ்கின் ஆஃப் மை டீத்' யோபு பத்தொன்பதாம் அதிகாரத்தில் வருகிறது என்பார். 'ரைட்டிங் ஆன் த வால்' தானியேல் ஐந்து; பெல்ஷாத்சார் ராஜாவின் விருந்தில் ஒரு கை மட்டும் தோன்றிச் சுவரில் எழுதியது என்று திண்ணைச் சுவரில் விரலால் எழுதிக் காட்டுவார். கரண்ட் போனாலும் நிறுத்த மாட்டார். இந்தத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்த பிள்ளைகளில் இன்றைக்கு வருமான வரி ஆபீஸில் ஒருவன், ரயில்வேயில் ஒருத்தி என்று சிலர் இருக்கிறார்கள். ஊருக்கு வந்தால் அவருக்குப் பேனா வாங்கி வருகிறார்கள். நீலம்தான் வாங்குகிறார்கள்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வீட்டில் பரீட்சை எழுதுகிற பிள்ளை இருந்தால் தைரியமாக அனுப்பி வையுங்கள். பீஸ் கிடையாது, மாமி சுண்டலும் தருவாள். துக்க வீட்டுக்கு மட்டும் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.