காய்ச்சலின் வேஷம்

கேள்வி: தொற்றுநோய்க்கென்று தனி டாக்டர் எதற்கு? காய்ச்சல் என்றதும் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுகிறாரே!
– ஒரு வாசகர், கரையான்சாவடி.

பதில்: அவர் கொடுப்பதால்தான் இவர் தேவைப்படுகிறார்! டெங்குவும் எலிக்காய்ச்சலும் முதல் நாளில் ஒரே வேஷம் கட்டும். எலிக்காய்ச்சல் ஆன்டிபயாடிக்குக்குப் பணியும். டெங்கு வைரஸ் சட்டை செய்யாது. இந்த வேஷத்தைக் கலைக்க எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. 3, டி.எம். 3 என்று பதினொன்றரை ஆண்டுப் படிப்பு. மருந்தை எப்போது எழுதக் கூடாது என்பதுதான் அதில் கடினமான பாடம். அதை ஊருக்கும் சொல்லத்தான் 2012-இல் மருத்துவர்கள் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே, அயப்பாக்கத்தில், நோய் பரவும் வழியைத் துப்பறியக் கற்றுத்தரும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. கடைக்காரரையும் ஒரு நடை அனுப்பிவையுங்கள், கிருமிகள்தான் வருத்தப்படும்!