வெற்றுப்பெட்டியியல்: ஒரு முன்னாய்வு

வெறுமை ஒன்றல்ல, பல என்பதே இவ்வாய்வின் கருதுகோள். தரவு, பிஎச்பியில் எழுதிய ஒரு மதிப்பெண் படிவம். மாணவனுக்கு ஒரு பெட்டி. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர், பெயரின் வாலில் ஒரு ஜோடி சதுர அடைப்புக்குறி. வால் இருந்தால் பிஎச்பி அனைவரையும் ஒரே அரேயில் வரிசையாக உட்கார வைக்கும். இல்லையேல் கடைசிப் பையன் மட்டுமே மிஞ்சுவான்.

நிரப்பாத பெட்டி காணாமல் போவதில்லை. வெற்றுச் சரமாக வந்து தன் இடத்தில் அமர்கிறது. இஸ்செட் போட்டுக் கேட்டால் உண்டு என்று பதில் வரும். எம்ப்டி போட்டுக் கேட்டால் ஒன்றுமில்லை என்று வரும். இரண்டும் மெய். அத்வைதிகளும் துவைதிகளும் இங்கே கைகுலுக்கிக்கொள்ளலாம். டிக் செய்யாத செக்பாக்ஸ் வேறு ரகம். அது பிரவுசரை விட்டே கிளம்பாது. 40 பேரில் 3 பேர் ஆப்சென்ட் என்றால் வருகை அரேயில் 37 இருக்கும். விட்டுப்போன மூவர் யாரென்று அரேக்கே தெரியாது.

இனி மையச் சிக்கல். வெற்றுப் பெட்டிகளைக் களைய மரபாளர் எடுக்கும் ஆயுதம் அரே_ஃபில்டர். கால்பேக் எதுவும் தராமல் ஏவினால், பொய்யாகக் கருதத்தக்க யாவற்றையும் அது வெட்டும். வெற்றுச் சரம் போகும், நல் போகும், கூடவே '0'வும் போகும். 'வராமையும் முட்டையும் ஓரினம் என்ப' என்று இதற்கு நாமே ஒரு சூத்திரம் செய்துகொள்ளலாம். பரீட்சைக்கே வராதவனும், வந்து மூன்று மணி நேரம் பேனாவைக் கடித்து முட்டை வாங்கியவனும் பிஎச்பிக்கு ஒன்றுதான். உழைப்புக்கு மரியாதையில்லை! அதே பையனுக்கு டீச்சர் '0.0' என்று தட்டியிருந்தால் பிழைத்திருப்பான். ஸ்பேஸ் மட்டும் தட்டிய பெட்டியும் பிழைக்கும்.

வெட்டியபின் இன்டெக்ஸ் 0, 1, 3 என்று நடுவே ஓட்டையோடு நிற்கும். ஓட்டை அழகில்லை என்று அரே_வேல்யூஸ் போட்டு நெருக்குவோர் ஒரு சாரார். நெருக்கியதும் முட்டை வாங்கியவனின் இடத்தில் அடுத்தவனுடைய 92 ஏறி உட்காரும். அங்கிருந்து வகுப்பே ஓரிடம் நகரும். கடைசிப் பையனுக்கு மார்க்கே இராது. புகார் அவனிடமிருந்துதான் வரும். 92 கிடைத்தவன் வாயைத் திறந்ததாகச் சரித்திரமில்லை.

மறுப்பாளர் வழி இது: அடைப்புக்குறிக்குள் ரோல் நம்பரையே எழுதிவிடுவது. செக்பாக்ஸுக்கு முன்னால் அதே பெயரில், 0 மதிப்போடு ஒரு ஹிடன் பெட்டி வைப்பது. டிக் விழுந்தால் பின்னது முன்னதை மேவும். டிரிம் செய்தபின், வெற்றுச் சரத்தோடு !== போட்டு ஒப்பிட்டு வடிகட்டுவது. ஸ்ட்ர்லென்னைக் கால்பேக்காக அனுப்பும் பழைய சம்பிரதாயமும் உண்டு. அது முட்டையைக் காக்கும், ஆனால் 8.1 முதல் நல் எதிர்ப்பட்டால் முணுமுணுக்கும்.

இதற்குப் பிறகும் வெறும் அரே_ஃபில்டரே போதும் என்போர், அந்தக் கடைசிப் பையனின் அப்பாவை நேரில் சந்தித்துத் தம் கொள்கையை நிறுவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.