மலையில்லா ஊரில் பஜிரோ

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. பழைய பஜிரோவுக்கு மட்டும் குறைவில்லை. மணற்காட்டு மணலில் புதைந்தாலொழிய நாலு சில்லுக் கியரை ஒருவரும் தொடுவதுமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, துருவுக்கும் சேர்த்தே விலை சொன்னார்கள்.

"அண்ணை, கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும். அது றோட்டின்ர பிழை," என்பார் விற்கிறவர். பாதி உண்மைதான், நம் தெருக்கள் ஓரத்துக்குச் சரிந்தவை. மற்றப் பாதிக்கு, முன் ரயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓடுங்கள். இழுவையும் பக்கம் மாறினால் ரயர். மாறாவிட்டால் அலைன்மென்ற், தேய்ந்த புஷ், அல்லது விடாமல் பிடிக்கும் பிரேக்.

பொனற்றின் மூலையை அமுக்கி விடுங்கள். ஒருதரம் எழும்பி அடங்கினால் நல்லது. தொடர்ந்து ஆடினால் ஷொக் அப்சோபர் போய்விட்டது. விற்பவர் அகராதியில் அது 'சொகுசு'.

ஜக் வைத்துச் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் போல் ஜொயின்ற், பெயறிங் இரண்டின் சங்கதியும் வெளிவரும். அதற்கு அவர் விடமாட்டார். "கனடாவில இருக்கிற மருமோன் வந்து ஓடின வாகனம், தெரியுமோ?" என்பார். மருமகனுக்கு எத்தனை புஷ் தேய்ந்ததென்று கேட்டால் கோபிப்பார்.