கேமராவுக்கு நாக்கு இல்ல, கண்ணு

வீடியோ பாத்தேன் கண்ணு. நொய்யல்ல ஆளுயரத்துக்கு நுரை, பின்னால எழவு வீட்டு மியூசிக்கு, மேல செவப்பு எழுத்துல 'திருப்பூரே அழியப் போகுது'. வீரபாண்டியில குடியிருந்துக்கிட்டு இதுக்குப் பயப்படலீன்னா எப்படின்னு கேக்கறே. பயந்துக்கறேன் சாமி, ரெண்டு விசயம் கேட்டுக்கிட்டுப் பயந்துக்கறேன்.

அந்தத் தம்பி எந்தப் பாலத்துல நிக்கறான்? பாலத்துக்கு மேக்காலயா, கெழக்காலயா? நொய்யல் வெள்ளிங்கிரி மலையில பொறந்து, கோயமுத்தூருச் சாக்கடையெல்லாம் வாங்கிக்கிட்டுத்தான் நம்மூருக்கு வருது. சோப்புத் தண்ணியும் நுரைக்கும், சாயத்தண்ணியும் நுரைக்கும். ஊருக்குள்ள நுழையற எடத்துல ஒருக்கா, ஊரைத் தாண்டற எடத்துல ஒருக்கா எடுத்திருந்தா எது யாரு வீட்டுதுன்னு கொஞ்சமாச்சும் தெரியும். தம்பி ஒரே எடத்துல நின்னு டிரோன மட்டும் பறக்க உட்டிருக்கான். அக்கட்டால டீக்கடை இல்லியாட்ட இருக்குது.

அது கெடக்கட்டும். அவன் முச்சூடும் கலரையே காட்டறான் பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது. சாயத்தண்ணியில கலரு சில்லறைத் திருடன், உப்புதான் கொள்ளைக்காரன். பருத்தித் துணியில கருப்பு, நீலம்னு அடர்த்தியா ஏத்தோணும்னா சாயத்தண்ணி லிட்டருக்கு 60, 80 கிராம் உப்புப் போடறாங்க. துணி சாயத்தைப் புடிச்சுக்கும், உப்பைப் புடிச்சுக்காது. போட்டது அப்படியே கழிவுல வந்துரும். கொஞ்சம் ஹைப்போ ஊத்துனா கலரு வெளுத்துரும், உப்பு அசையாது. அதை எடுக்கறதுக்கு ஆர்.ஓ. வேணும், எவாப்பரேட்டர் வேணும், கரண்டு பில்லு கட்ட மனசு வேணும். அதனால கண்ணாடியாட்டம் தண்ணி ஓடுனா கேமராக்காரன் பொட்டியக் கட்டிக்கிட்டுப் போயிருவான். அந்தத் தண்ணி காட்டுல பாஞ்சா வெள்ளாமை போயிரும்.

ஒரத்துப்பாளையம் அணை உனக்குத் தெரியாது, நீ அப்பப் பொறக்கவே இல்ல. 20,000 ஏக்கர் பாசனத்துக்குன்னு 1992-வாக்குல கட்டி முடிச்சாங்க. கட்டுனதுல தேங்குனது சாயத்தண்ணி. நொய்யல் ஆயக்கட்டுக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. அங்க பேசுனது நுரை இல்ல கண்ணு, டி.டி.எஸ்., அதாவது தண்ணியில கரைஞ்ச உப்போட கணக்கு. சாயப்பட்டறைங்க சொட்டுக் கழிவுகூட வெளிய உடப்படாதுன்னு 2006-ல உத்தரவு வந்துச்சு. அதையும் மதிக்கலீன்னு 2011 ஜனவரி 28-ந் தேதி ஐகோர்ட்டு 700-க்கு மேல சாயப்பட்டறைகளை ஒட்டுக்கா மூடச் சொல்லுச்சு. அப்ப யாருகிட்ட டிரோன் இருந்துச்சு?

இப்ப வீடியோக்காரங்க கையில டி.டி.எஸ். பேனாவைப் புடிச்சுக்கிட்டு வர்றாங்களே, அது நல்ல முன்னேற்றம். மூவாயிரம்னு காட்டுனா கத்தறாங்க. கத்தட்டும். பொதுவா ஆத்துல உடற கழிவுக்கே லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்தான் வரம்பு, குடிக்கற தண்ணிக்கு 500 இருந்தா நல்லதுங்கறாங்க. ஆனா எங்க முக்குனான், எப்ப முக்குனான், மழை பேஞ்சு எத்தனை நாளாச்சு? மழைத் தண்ணி கலந்தா கணக்குக் கொறையும். ராத்திரி மழையப் பாத்து மதகைத் தொறந்து உடற புண்ணியவானுகளுக்கும் அது தெரியும்.

முதலாளிமாருங்களும் வீடியோ போடறாங்க, அதையும் இதே கண்ணுல பாரு. சுத்திகரிச்ச தண்ணியில மீன் நீந்துதுன்னு தொட்டியக் காட்டுனா, என்ன மீன்னு கேளு. ஜிலேபிக் கெண்டையா இருந்தா உப்புத் தண்ணியிலயும் சிரிச்சுக்கிட்டுத்தான் திரியும். ஆனா ஒண்ணு, ஒழுங்கா நடத்தறவனும் நம்மூர்ல இருக்கறான். கழிவுத் தண்ணியத் திரும்ப எடுத்து, உப்பையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே போடறவன். அவனை வீடியோவுல காட்டுனா யாரும் பாக்க மாட்டாங்க, நுரை இல்லியே!

வீடியோவே வெட்டின்னு சொல்ல வரலை. 2015-ல சோபியா அஷ்ரப்புன்னு ஒரு பொண்ணு கொடைக்கானல்ல ஒரு கம்பெனி உட்ட பாதரசத்தைப் பத்தி ஆடிப் பாடுச்சு, உலகமே பாத்துச்சு. அடுத்த வருசமே முன்னாள் தொழிலாளிங்க 591 பேருக்குக் கம்பெனி ஒப்பந்தம் போட்டுக் குடுத்துச்சு. பாட்டு மூணு நிமிசம். பின்னால இருந்தது, 2001-ல அந்தக் கம்பெனி மூடுன நாள்ல இருந்து சேத்து வெச்ச காகிதம், வழக்கு, ஒடம்பு கெட்டவங்களோட நடை. மியூசிக்கு நல்லா இருந்துச்சுங்கறது உண்மைதான், அது மட்டும்னு நெனைக்காதே.

நீயும் எடுக்கப் போறேன்னு கேள்விப்பட்டேன். போ. பாட்டிலு ரெண்டு கொண்டுபோயி மேக்கால ஒண்ணு, கெழக்கால ஒண்ணு மொண்டு, தேதி, நேரம், எடம் எழுதி ஒட்டு. மொண்டதை வீடியோவுல முழுசாக் காட்டு, வெட்டிப்போடாதே. மதகைத் தொறக்கற வேலைக்காரப் பையன்கிட்டயும் பேசு, அவனுக்கு எல்லாம் தெரியும். முகத்தை மட்டும் காட்டிப்போடாதே. உனக்கு வியூஸு ஏறும், அவனுக்குச் சனிக்கெழமைச் சம்பளம் நின்னுரும்.