கடுதாசி போதும்!

கேள்வி: பாரசீகப் பேரரசர் டேரியஸ் அவ்வளவு பெரிய நாட்டில் கவர்னர்களை எப்படி அடக்கி வைத்திருந்தார்?

பதில்: கடுதாசி போட்டுத்தான்! மாகாணத்துக்கு ஒரு 'சத்ரப்', அதாவது கவர்னர். அவர் பக்கத்திலேயே அரசரின் கடிதங்களைப் படிக்க ஓர் எழுத்தர். அவர் அரசரின் ஆள்.

சார்டிஸ் நகரின் சத்ரப் ஒரோய்ட்டஸ், அரசர் அனுப்பிய தூதுவரையே தீர்த்துக்கட்டிய ஆசாமி. சுற்றிலும் ஆயிரம் மெய்க்காவலர்கள். டேரியஸ் படை அனுப்பவில்லை. பகாயஸ் என்பவரைத்தான் அனுப்பினார், கையில் முத்திரையிட்ட கடிதக் கட்டோடு. ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்ட, எழுத்தர் உரக்க வாசித்தார். பகாயஸின் கண் கடிதத்தில் இல்லை, காவலர்கள் முகத்தில்! முத்திரையைக் கண்டதுமே அவர்களுக்குப் பயபக்தி. சரி, ஆட்கள் மசிவார்கள் என்று புரிந்துவிட்டது. அடுத்த கடிதம், 'இவருக்குக் காவல் நிற்கக் கூடாது' என்றது. ஈட்டிகள் தாழ்ந்தன. கடைசிக் கடிதம், 'இவரைக் கொல்லுங்கள்' என்றது. அங்கேயே வாளை உருவிவிட்டார்கள்.

சொன்னவர் கிரேக்கரான ஹெரோடோட்டஸ். கதைக்குக் கொஞ்சம் உப்பு, காரம் தூக்கலாகப் போடுகிறவர். ஆனாலும் எனக்கு ஒரோய்ட்டஸ் மேல் ஒரு வருத்தம்: ஆயிரம் பேருக்குச் சோறு போட்டவர், அந்த ஒரே ஒரு எழுத்தரைக் கவனிக்காமல் விட்டுவிட்டாரே!