ஆட்டுக்கு ஆட்டம்

கேள்வி: ஜூனியர் பெண்கள் தேசிய ஹாக்கி என்றாலே ஹரியானா, ஜார்க்கண்ட் பெயர்தான் அடிபடுகிறது. அங்கே அப்படி என்னதான் சாப்பிடுகிறார்கள்?

பதில்: ஜார்க்கண்டில் ஆட்டுக்கறி! அதையும் ஜெயித்துத்தான் சாப்பிட வேண்டும். சிம்டேகா மாவட்டத்துக் கிராமங்களில் 'கஸ்ஸி' போட்டி என்று நடக்கும். வென்ற அணிக்குப் பரிசு, கோப்பை இல்லை, உயிருள்ள ஆடு. கல்லும் மண்ணுமான மைதானம், மூங்கிலில் செதுக்கிய மட்டை. அப்படி ஆடி வளர்ந்த சலீமா டெடே டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடினார். 2024இல் அணித் தலைவியும் ஆனார். கரடுமுரடான தரையில் பந்தை அடக்கப் பழகிய கைக்குச் செயற்கைப் புல்தரை சுலபமாகத்தானே இருக்கும்?

ஹரியானாவின் கதை வேறு. ஷாபாத் என்ற சின்ன ஊரில், பல்தேவ் சிங் என்ற கண்டிப்பான பயிற்சியாளரிடம் தேறியவர் ராணி ராம்பால். வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகள். பதினான்கு வயதிலேயே இந்திய அணிக்கு வந்துவிட்டார்.

2021இல் சப்-ஜூனியர் பெண்கள் தேசியப் போட்டியே சிம்டேகாவைத் தேடி வந்தது. தங்கள் ஊர்ப் பெண்கள் தேசியப் போட்டியில் ஆடுவதை ஊர்க்காரர்களே பார்க்கலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! இந்தப் போட்டிகளை இன்னும் நிறையச் சிற்றூர்களுக்குக் கொண்டுபோக வேண்டும். பரிசாக ஆடும் கொடுத்தால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.