கிடையாத் தோட்டா மீமாம்சை

உலகத்து உடைமைகளையெல்லாம் பயன்படுவன, பயன்படாதன என இரண்டாகப் பகுத்துவிட்டு நிம்மதியடைந்த பூர்வாசிரியர்கள், ஏற்காட்டு மலையின் பழைய எஸ்டேட் பங்களாக்களில் பீரோக்களை ஒருமுறையேனும் திறந்து பார்த்திருப்பார்களானால், மூன்றாவது வகையொன்றும் உண்டென்று ஒப்புக்கொள்ள நேர்ந்திருக்கும். சகல அங்க லட்சணங்களும் பொருந்தி, மாதந்தவறாமல் எண்ணெயிடப்பட்டு, சர்க்கார் லைசென்ஸும் பெற்று விளங்கினும், அதில் இடுதற்குரிய தோட்டா மட்டும் சேலத்திலோ சென்னையிலோ எந்தக் கடையிலுமே கிடைக்காத வேட்டை ரைபிள்தான் அந்த மூன்றாம் வகை. இதனை வீண்பொருள் என்று இகழ்வது பாமரர் வழக்கு. துப்பாக்கி என்னும் ஜாதி அடையத்தக்க பரிபூரண நிலை இதுவே என்று ஸ்தாபிப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு சுருக்கமானது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைப் பயிரிட்டபின், காப்பிக்குப் பின்னே துரைமாரும் துரைமாருக்குப் பின்னே துப்பாக்கிகளும் மலையேறின. பின்னாளில் கப்பலேறிய துரைமார் தோட்டங்களை விற்றார்கள். துப்பாக்கிகளையும் உரியவர்களிடம் ஒப்புவித்தார்கள். தோட்டாக்களை மட்டும் பெரும்பாலும் சுட்டுத் தீர்த்துவிட்டே போனார்கள்.

இனி லட்சணம். தோட்டாவைப் பற்றிய கவலையே இல்லாத குலமொன்றும் நம் மலைநாட்டில் உண்டு. பயிர்க்காவலுக்கென்று மலைக்கிராமங்களில் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி, வாய்வழியே கருமருந்தும் ஈயமும் இட்டுக் கெட்டிக்கப்படுவதாகையால், கிடைத்ததை உண்டு ஜீவிக்கும் பரதேசிக்கு ஒப்பானது. ரைபிளோ ஆசார சீலம் மிக்கது. தன் அறைக்கு மயிரிழையும் பிசகாமல் அமையும் பித்தளைக் கூட்டையன்றி வேறெதனையும் அங்கீகரியாது. மருந்து பற்றும் கணத்தில் அந்தப் பித்தளை விரிந்து, அறையின் சுவரோடு ஒட்டி, ஆவி பின்னோக்கிப் பீறிடாமல் அடைக்க வேண்டியிருப்பதால், இந்த ஆசாரம் வெறும் வீம்பன்று. சுடுபவனுடைய கண்ணையும் கன்னத்தையும் ரட்சிக்கும் நியதியாகும்.

அளவைக் குறிக்கும் எண்களோ சாட்சிக்கூண்டில் ஏற்றத்தக்கன அல்ல. .405 என்று பட்டம் பெற்ற தோட்டாவின் குண்டு .411 அங்குல விட்டமுடையது; .303 என்பதன் குண்டோ .311. ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் பரிசாக வந்த .275 ரிக்பியின் தோட்டாவும் ஜெர்மானியரின் 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவும் ஒன்றே. ஆகவே ஒரு வியாபாரி பின்னதை அலமாரியில் வைத்துக்கொண்டே, முன்னது தம்மிடம் இல்லையென்று மனச்சாட்சிக்கு விரோதமின்றிச் சத்தியம் செய்யலாம்.

தோட்டா கிடையாமைக்குக் காரணங்கள் மூன்று: ராஜபயம், வணிக வைராக்கியம், ஜீவகாருண்யம்.

ராஜபயம் என்பது ராஜாவுக்குப் பிரஜைகளிடத்தில் உண்டாகும் பயம். பட்டாளத்து மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிக்கு உதவக்கூடிய சரக்குக் கலகக்காரர் கையிற் சிக்கிவிடலாகாதென்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவுத் துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வருவதை ஆங்கில அரசு தடுத்தது. உடனே லண்டன் வினைஞர்கள் .465, .470, .475, .476 என்று வரிசையாகப் புது அளவுகளைப் படைத்துவிட்டார்கள். இந்த நுண்ணிய பேதங்கள் யானைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை; சுங்கத்தாருக்குத் தெரிந்ததே போதுமானதாயிற்று. சுதந்திர இந்தியாவும் .303-ஐத் தடைசெய்யப்பட்ட அளவாகவே வைத்துப் பட்டாளத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, குடிகளுக்கென்று இஷாப்பூர்த் தொழிற்சாலையில் .315 ரைபிளைச் செய்வித்தது. அதற்குரிய தோட்டா, ஆஸ்திரிய-ஹங்கேரிப் பட்டாளத்தார் கையாண்ட 8 மில்லிமீட்டர் மான்லிக்கர். சொந்தப் பட்டாளத்தின் தோட்டாவைக் குடிமகன் தொடலாகாது, 1918-ல் மறைந்துபோன அந்நியப் பேரரசின் தோட்டாவைத் தொடலாம் என்னும் இத்தீர்ப்பின் ராஜதந்திர நுட்பம் வியக்கத்தக்கது.

வணிக வைராக்கியத்துக்கு உத்தமமான திருஷ்டாந்தம் .405 வின்செஸ்டர். 1904-ல் பிறந்த இத்தோட்டாவைத் தியடோர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்கச் சிங்கங்களுக்கு மருந்தாகக் கொண்டுசென்றார். நம் பக்கத்திலோ, பெங்களூர்வாசியான கென்னத் ஆண்டர்சன், அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஜவளகிரி முதலிய காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்தபோது அவர் தோளில் இருந்ததும் இதுவே. அவருடைய முதல் வேட்டைப் புத்தகம் 1954-ல் வெளிவந்து அத்துப்பாக்கியின் கீர்த்தியைத் திசையெங்கும் பரப்பிக்கொண்டிருந்த சமயத்திலேயே, கம்பெனியார் அதன் தோட்டாவைச் செய்வதை நிறுத்தினார்கள். கீர்த்தியும் தோட்டாவும் ஓரிடத்தில் சேர்ந்து வசிப்பதில்லை என்னும் விதி இதனால் பெறப்படும். இந்நூற்றாண்டில் வேறோர் அமெரிக்கக் கம்பெனி அதனை மீண்டும் செய்யத் தொடங்கியது உண்மையே. ஆயினும் நம் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளவரையில் நமது சித்தாந்தத்துக்குப் பங்கமில்லை.

மூன்றாவதான ஜீவகாருண்யம் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமாக அவதரித்து, 1991-ன் திருத்தத்தால் வேட்டை லைசென்ஸ் என்பதையே ஒழித்தது. தோட்டா இல்லாத துப்பாக்கிக்கு வேட்டையும் இல்லாமற் போனது, பட்ட காலிலேயே படும் என்பதன்று; இரண்டு இன்மைகள் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டதாகவே கொள்ளவேண்டும். இன்று காப்பிச் செடிகளினூடே காட்டெருமை நின்று அசைபோடுகையில், வராந்தாவில் நிற்கும் எஸ்டேட்காரர், சட்டத்துக்குப் பயந்து சும்மா இருப்பவராகத் தோன்றுவதன்றித் தோட்டா இல்லாமையால் இருப்பவராகத் தோன்றுவதில்லை.

பிரத்தியட்சப் பிரமாணமும் உண்டு. சேலத்துக் கடையொன்றில் காலிக் கூடொன்றை மாதிரிக்கு நீட்டினால், கடைப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பித்தளையின் அடியில் வட்டமாகப் பொறித்திருக்கும் எழுத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் படித்து, விரலால் களிம்பைத் துடைத்து, மரியாதையோடு திருப்பிக் கொடுப்பார். "இதெல்லாம் எங்கய்யா காலத்துலயே நின்னுபோச்சுங்களே! பன்னெண்டு போர்ல எல்.ஜி. இருக்குதுங்க, போடட்டுங்களா?" இரட்டைக்குழலுக்குரியது ரைபிளுக்கு ஆகாதென்று அவர் அறியாதவரல்லர், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாகாதென்பது வியாபார தர்மம்.

இவ்வாறு தேடியலைந்தவர்களிடம் எஞ்சியிருக்கும் தோட்டாக்களின் தொகையைக்கொண்டு அவர்தம் பக்குவத்தை அளக்கலாம். ஐந்து உடையவன் வேட்டைக்காரன். இரண்டு உடையவன் லோபி. ஒன்றே உடையவன் ஞானி. இரண்டிருப்பின் ஒன்றைச் சுட்டுப் பார்க்கலாமென்ற சபலம் எழும். இரண்டற்ற ஒன்றோ, பஞ்சிற் பொதிந்து நகைப்பெட்டியில் வீற்றிருந்து, வெடிக்குமா வெடிக்காதா என்னும் கேள்வியைக் கடந்து நிற்கிறது. பரீட்சித்தால் விடை கிடைக்கும், பொருள் கிடைக்காது. மேலும், தோட்டா குறையக் குறையப் பாட்டனார் சுட்ட புலியின் நீளம் கூடிக்கொண்டே போவதும் மலைமேல் அனைவரும் கண்ட உண்மை.

அறையைக் குடைந்து வேறு தோட்டாவுக்கு மாற்றிவிடலாமே என்பது பூர்வபட்சம். லைசென்ஸின்றி அவ்வாறு மாற்றுவது 1959-ன் ஆயுதச் சட்டப்படி குற்றம். விற்றுவிடலாமே எனின், வாங்க வருபவர் முதலில் கேட்பது தோட்டாவைத்தான். சென்னை அருங்காட்சியகத்துக்கு அளிக்கலாமே எனின், அங்கே ஏற்காட்டுவாசியாயிருந்த ராபர்ட் புரூஸ் பூட் திரட்டிய கற்கருவிகள் 1904 முதல் இருக்கின்றன. அவர் 1863-ல் பல்லாவரத்தில் கண்டெடுத்ததைப் போன்ற கற்கோடரியை இன்று கையிலெடுத்தாலும் ஒரு தென்னமட்டையையேனும் பிளக்கலாம். ஆதலால் பயனின்மையில் அது இன்னும் பூரணம் அடையவில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளில் கல்லுக்கு வாய்க்காத சித்தி, ஐம்பதே ஆண்டுகளில் ரைபிளுக்கு வாய்த்தது.

எனவே துப்பாக்கி வாங்கக் கருதுவோர் தோட்டாவைப் பற்றி முன்னதாகவே விசாரித்து, அது தாராளமாகக் கிடைக்குமென்று தெரிந்தால் அந்த எண்ணத்தைக் கைவிடக்கடவர். கிடைக்காதென்று நிச்சயமானால் அவசியம் வாங்குக. இத்தனை தோட்டாக்களுக்குமேல் வைத்திருக்கலாகாதென்று, இல்லாத பொருளுக்கு உச்சவரம்பு விதிக்கும் லைசென்ஸையும் உடன் பெறுக. தேர்தல்தோறும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரைட்டர் எழுதித்தரும் ரசீதைப் பத்திரப்படுத்துக. லைசென்ஸைக் காலந்தவறாமல் புதுப்பித்தும் வருக; ஞானிக்கும் புதுப்பிப்புக் கட்டணத்திலிருந்து விலக்கில்லை.